கழக வரலாறு எழுதப் போகிறவர்களுக்கு: பெட்ர்ஷல்கா கழகத்தை முன்னால் வைத்துச் சில குறிப்புகள்

மாங்குளத்தில் தட்டச்சும் அச்சும் செய்கிற கடை என்னுடையது. சுற்றுவட்டார விளையாட்டுக் கழகங்களின் விழா மலர்கள் பல என் மேசைக்குத்தான் வருகின்றன. பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். முன்னால் பக்கம் பக்கமாக ஆசிச்செய்தி, வாழ்த்துச்செய்தி. பின்னால் விளம்பரம். நடுவில் கழக வரலாறு ஒன்றரைப் பக்கம். அதுவும் ‘எமது கழகம் பல வெற்றிகளைக் கண்டு வீறுநடை போடுகிறது’ என்று முடிந்துவிடும். முழுக்கதையும் தெரிந்த ஐயாமார் மைதானக் கரையில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கழகச் செயலாளர்களாக இருக்கும் தம்பி தங்கச்சிமார் இதை ஒருமுறை வாசித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

மாதிரிக்கு பார்சிலோனாவையோ மான்செஸ்டரையோ எடுக்க வேண்டாம். அவர்களுடைய கதை நம்முடையதோடு ஒட்டாது. ஸ்லோவாக்கியாவில் பிராட்டிஸ்லாவா நகரத்தின் தென்கரையில் பெட்ர்ஷல்கா என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள உதைபந்தாட்டக் கழகத்தின் கதையை வியன்னாவில் இருக்கும் என் மச்சான் சொல்லக் கேட்டு, பிறகு தேடித் தேடி வாசித்தேன். நாட்டின் மிகப் பழைய கழகம் என்று அதைச் சொல்வார்கள். 1892 இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசுக்குள் ஹங்கேரியப் பெயரோடு தொடங்கியது. முதலாம் உலகப் போர் முடிந்ததும் நாடு செக்கோஸ்லோவாக்கியா ஆனது. 1938 இல் பெட்ர்ஷல்கா என்ற இடத்தையே ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1945 இல்தான் அது திரும்பக் கிடைத்தது. கம்யூனிச ஆட்சியில் கழகத்துக்குத் தொழிற்சாலைகளின் பெயர்கள் வந்தன. 1993 இல் ஸ்லோவாக்கியா தனிநாடானபோது ஆர்ட்மீடியா என்ற நிறுவனத்தின் பெயர் வந்து சேர்ந்தது.

2005 இல் அந்தக் கழகம் முதன்முறையாக நாட்டின் சாம்பியன் ஆனது. அந்த ஆண்டு ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் தகுதிச் சுற்றில் ஸ்கொட்லாந்தின் செல்டிக்கை 5-0 என்று வென்றது. யுராய் ஹலேனார் மூன்று கோல் போட்டார். பிறகு பெல்கிரேட்டின் பார்ட்டிசானைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்று பிரதான சுற்றுக்குப் போனது. அங்கே போர்த்துக்கல்லின் போர்ட்டோ கழகத்தை அதன் சொந்த மைதானத்தில் 0-2 என்று பின்னால் நின்று 3-2 என்று வென்றது. பயிற்றுநர் விளாடிமிர் வைஸ். 2008 இல் இன்னொரு முறை சாம்பியன். இரண்டே ஆண்டில், 2010 இல், முதற்பிரிவிலிருந்து இறங்கியது. ஆர்ட்மீடியா பெயர் அதற்கு முன்பே போய்விட்டது. டான்யூப் நதிக்கரையில் பழைய பாலத்தடியில் இருந்த மைதானத்தையும் இடித்துவிட்டார்கள். 2014 இல் பழைய கழகம் பண நெருக்கடியில் முடிந்தது. ஆதரவாளர்கள் விடவில்லை. கீழ்ப் பிரிவில் பெட்ர்ஷல்கா என்ற பெயரோடு மறுபடி தொடங்கி, இரண்டாம் பிரிவுவரை ஏறி வந்தார்கள்.

எழுதத் தொடங்குமுன் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கேள்வியைப் போடுங்கள். பெயர் மாறி, மைதானம் போய், பதிவும் இல்லாமல் போன பிறகு எதை வைத்து இது அதே கழகம் என்கிறோம்? பெட்ர்ஷல்காக்காரர் ஆட்களை வைத்துச் சொன்னார்கள். வன்னியிலும் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. 2009 இல் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் பற்றை வெட்டி, இரண்டு தடி நட்டு விளையாடத் தொடங்கினார்களே, பதிவு அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த முடிவை எடுத்துவிட்டால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சண்டை பாதி குறைந்துவிடும்.

அடுத்தது தொடக்க ஆண்டு. இதில்தான் கூடுதலாகக் குழப்பம். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் இருக்கும் பதிவு ஒரு ஆண்டைச் சொல்லும். முதல் பந்தை வாங்கி வந்தவர் வேறு ஆண்டைச் சொல்வார். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதைப் போடாதீர்கள். பெட்ர்ஷல்கா 1892 என்று எண்ணும் கழகம். ஆனால் கொஞ்சக் காலம் பெயரிலேயே 1898 என்று போட்டுக்கொண்டு விளையாடியது. ‘இந்த ஆண்டு விளையாடத் தொடங்கினோம், இந்த ஆண்டு பதிந்தோம்’ என்று இரண்டையும் எழுதினால் நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவனுக்கும் விளங்கும்.

பிறகு ஒரு பெரிய தாளில் நான்கு கோடு போடுங்கள்: ஆண்டு, பெயர், மைதானம், நடத்தியவர்கள். குடியேற்றத் திட்டக் கிராமமாக இருந்தால் காடு வெட்டி வந்த காலத்திலிருந்து தொடங்குங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கிராமமாக இருந்தால், அவர்கள் வரும்போதே கொண்டுவந்த விளையாட்டையும் கேட்டுப் பாருங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கூட்டறிக்கைப் புத்தகமும் கிண்ணங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் ஊரை விட்டு வெளியே போன பொருட்கள் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் பழைய வீரர்களின் கல்யாண அல்பங்களில் கழகச் சீருடையோடு நண்பர்கள் நிற்கும் படம் ஒன்றாவது அகப்படும். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டித் துண்டுப்பிரசுரம் ஒன்று கிடைத்தால் அது பொன். திகதி, அனுமதிக் கட்டணம், பங்குபற்றிய கழகங்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். வெற்றிக் கிண்ணத்தின் அடித்தட்டைத் துடைத்துப் பாருங்கள். பாடசாலைச் சான்றிதழ், சனசமூக நிலையப் பதிவேடு இவற்றையும் விடாதீர்கள். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பக்கத்து ஊர்ப் பெயரையும் போடுங்கள்.

ஐயாமாரிடம் கேட்கும்போது ‘எந்த ஆண்டு?’ என்று தொடங்கினால் கதை அங்கேயே நின்றுவிடும். ‘கோல் காப்பாளர் யார் ஐயா?’ என்று கேளுங்கள். காப்பாளர் பெயர் வந்தால் பின்வரிசை வரும், பின்வரிசை வந்தால் முழு அணியும் வரும். இரண்டு பேரை ஒன்றாக இருத்திக் கேட்பது இன்னும் நல்லது. ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிப்பார். ஆண்டைப் பிறகு பக்கத்திலிருந்து கொண்டுவரலாம். வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது 1990. யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தது 1995 கடைசியில். சுனாமி 2004 மார்கழி. ‘அந்தப் போட்டி சுனாமிக்கு முன்னா பின்னா?’ என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்.

இடம்பெயர்ந்த ஆண்டுகளை ‘தவிர்க்க முடியாத காரணங்களால் கழகம் இயங்கவில்லை’ என்று ஒரு வரியில் கடக்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். யார் யார் எந்த முகாமில் இருந்தார்கள், யார் முதலில் ஊர் திரும்பினார்கள், முதல் பந்து யார் காசில் வந்தது என்று எழுதுங்கள். இறந்துபோன வீரர்களின் பெயரைக் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு, அவர்கள் எந்த இடத்தில் விளையாடினார்கள் என்பதோடு போடுங்கள். படத்தில் மாலை போட்ட முகம் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்கு அவர் எப்படி விளையாடினார் என்று தெரியாமல் போய்விடும். ‘இடது கரையில் ஓடுவார், இடது காலால் மட்டும் அடிப்பார்’ என்ற ஒரு வரி போதும்.

தோல்வியையும் எழுதுங்கள். பெட்ர்ஷல்கா செல்டிக்கை 5-0 என்று அடித்த அடுத்த வாரமே கிளாஸ்கோவில் 4-0 என்று தோற்றது. மொத்தம் 5-4 என்று ஒரு கோலில் தப்பியது. அந்த இரண்டாம் போட்டியை மறைத்தால் முதல் போட்டியின் அருமை எங்கே தெரியும்? ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா 1969 இல் பாசல் நகரத்தில் பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தை எடுத்த கழகம். அதே கழகம் 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் விளையாடிய 8 போட்டியிலும் தோற்றது. இரண்டும் அவர்களுடைய வரலாற்றில் இருக்கும். நம் ஊர் மலரில் மட்டும் ஏன் எல்லா ஆண்டும் வெற்றியாக இருக்க வேண்டும்?

மைதானத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். ஸ்லோவாக்கியாவில் செர்னி பலோக் என்ற மலைக்கிராமத்தில் பார்வையாளர் படிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவால் சிறிய நீராவி ரயில் ஓடுகிறது. அந்தக் கழகத்தை உலகத்துக்குக் காட்டியது அந்த ரயில்தான். உங்கள் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் வாய்க்கால் இருந்தால், பந்து விழுந்தால் யார் பாய்வது வழக்கம் என்று எழுதுங்கள். மருதமரம் எந்தப் பக்கம், மாரியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்பதும் வேண்டும். காணி யாருடையது, அனுமதிப்பத்திரம் யார் பெயரில், எல்லை எங்கே என்பதைக் கட்டாயம் போட்டு, பத்திரத்தின் பிரதியையும் மலரிலேயே அச்சிடுங்கள். பெட்ர்ஷல்கா மைதானம் போனதை வாசித்த நாளிலிருந்து யார் மலர் கொண்டுவந்தாலும் இதை நான் வற்புறுத்துகிறேன்.

இனி என் தொழில் பக்கம். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் தாளோடு வந்துவிடும். பிளாஸ்டிக்கோடு அப்படியே ஸ்கேன் பண்ணலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடமிருந்து வலமாகப் பெயர். தெரியாத ஆளுக்குக் கேள்விக்குறி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்தால் யூனிகோட் பிரதி ஒன்றையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பின்னாளில் யாரும் தேடி எடுக்க முடியாது. வரலாற்றை வாழ்த்துச்செய்திகளுக்கு முன்னால் வையுங்கள்; அதிபரோ செயலாளரோ கோபிக்க மாட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் பார்வைப்படியைப் பழைய வீரர் இரண்டு பேரிடம் கொடுத்துப் பெயர்களையும் முதலெழுத்துகளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு வாரமாவது விடுங்கள், விழாவுக்கு முதல்நாள் இரவு கொண்டுவந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. வெளியான பிறகு சனசமூக நிலையத்துக்கும் பாடசாலை நூலகத்துக்கும் இரண்டிரண்டு பிரதி, நூலகம் தளத்துக்கு பிடிஎஃப் கோப்பு ஒன்று.