தண்ணீர் போன வழியே சைக்கிளில்: கறுப்பு மலையிலிருந்து கார்க்கசோன் வரை

தெற்கு பிரான்சில் தூலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர் ஓடும் கனால் டு மிடி கால்வாயின் கரையில் சைக்கிள் ஓட்ட ஒவ்வொரு வருடமும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பெரும்பாலோர் தூலூஸில் ஏறி, தார் போட்ட கரைப்பாதையில் கிழக்கே பார்த்து மிதித்துப் போய்விடுவார்கள். இந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தத் தண்ணீர் வருவது வடக்கே இருக்கும் கறுப்பு மலைக் காட்டிலிருந்து. அங்கிருந்து அதைக் கொண்டுவரும் வாய்க்காலின் கரையில்தான் மவுண்டன் பைக்குக்கு ஏற்ற பாதையும், 350 வருடக் கதையும் ஒன்றாகக் கிடைக்கிறது. கால்வாயை மட்டும் ஓட்டிவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம் என்பேன்.

நான் சொல்லப்போவது ஒரு வட்டப் பாதை. கால்வாய்க் கரையில் இருக்கும் கோட்டை நகரமான கார்க்கசோனில் தொடங்கி, மோந்தோலியு, சேசாக் வழியாக மலை ஏறி, அல்ஸோ ஓடையில் வாய்க்கால் தொடங்கும் இடத்தைப் பிடித்து, அதன் கூடவே லெ கமாஸ், சேன்-ஃபெரியோல் ஏரி, ரெவெல், நொரூஸ் என்று இறங்கி, கஸ்தெல்நோதாரியில் பெரிய கால்வாயோடு சேர்ந்து, மறுபடி கார்க்கசோனுக்கே வந்துவிடலாம். மொத்தம் ஏறக்குறைய 165 கிலோமீட்டர். நான்கு நாள் வையுங்கள். மூன்று நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடங்களைத் தாண்டி ஓடத்தான் நேரம் இருக்கும்.

கிளம்பும் முன் இந்த வாய்க்கால் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் வழியில் பார்க்கிற ஒவ்வொரு கல்லுக்கும் அர்த்தம் இருக்கும். அட்லாண்டிக் பக்கம் ஓடும் தண்ணீரும் மத்தியதரைக் கடல் பக்கம் ஓடும் தண்ணீரும் பிரிகிற மேடு நொரூஸ், கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். கால்வாய் அந்த மேட்டை ஏறி இறங்கியாக வேண்டும். படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உச்சியிலிருந்து தண்ணீர் கீழே போகும். உச்சியில் தண்ணீர் இல்லையென்றால் கால்வாயே இல்லை. இதனால்தான் பல காலமாகப் பேசப்பட்ட திட்டம் பேச்சாகவே நின்றது. உப்பு வரி வசூலிக்கும் குத்தகை வைத்திருந்த பியேர்-போல் ரிக்கே என்பவர், ரெவெல் ஊரில் நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பியேர் காம்மாஸ் என்பவரின் துணையோடு மலை ஓடைகளை அளந்து, அந்தத் தண்ணீரைச் சரிவு கெடாமல் நொரூஸ் வரை கொண்டுவர முடியும் என்று கண்டுபிடித்தார். 1662-இல் அமைச்சர் கோல்பெருக்குக் கடிதம் எழுதினார், 1665-இல் ஒரு சோதனை வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வருவதைக் காட்டினார், 1666-இல் மன்னர் 14-ஆம் லூயியின் அனுமதி வந்தது. கால்வாய் 1681 மே மாதம் திறக்கப்பட்டது. ரிக்கே அதற்குச் சில மாதம் முன்பு, 1680 அக்டோபரிலேயே, கடனோடு இறந்துவிட்டார். அவர் வெட்டிய வாய்க்காலின் கரையில் ஓட்டும்போது இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

சைக்கிளும் காலமும்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுண்டன் பைக் போதும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ளது இங்கே வீண் பாரம். டயர் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், ஏனென்றால் காட்டில் பீச் மர வேர்களும் கீழே கால்வாய்க் கரையில் பிளாட்டேன் மர வேர்களும் பாதையின் குறுக்கே புடைத்து நிற்கும். தூலூஸ் பக்கத்துத் தார்ப்பாதைப் படங்களைப் பார்த்துவிட்டு மெல்லிய டயரோடு வருபவர்கள் கார்க்கசோன் இருக்கும் ஓட் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் கை மரத்துப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், செயின் இணைப்பு ஒன்று, இவ்வளவும் கட்டாயம், மலைமேல் சைக்கிள் கடை கிடையாது. மணி ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், நடப்பவர்களும் அதே பாதையில்தான் வருவார்கள்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் காட்டுக்குள் சுகமாக இருக்கும், கீழே சமவெளியில் வெயில் வாட்டும். இலையுதிர் காலத்தில் காடு பொன்னிறமாக இருக்கும், ஆனால் செப்டம்பரிலிருந்து வேட்டைக் காலம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். மேற்கிலிருந்து அடிப்பது சேர்ஸ், தென்கிழக்கிலிருந்து வருவது ஓத்தான். இரண்டுமே நாள்கணக்கில் அடிக்கும். சேர்ஸ் அடிக்கும் வாரமாக இருந்தால் கஸ்தெல்நோதாரியிலிருந்து கார்க்கசோன் வரையிலான கடைசி நாள் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். வட்டத்தை இந்தத் திசையில் நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் நாள்: ஏற்றம்

கார்க்கசோன் ரயில் நிலையத்திலிருந்து மோந்தோலியு ஏறக்குறைய 18 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சாலைகள். மோந்தோலியு புத்தகக் கிராமம், 1990-லிருந்து பழைய புத்தகக் கடைகளாலேயே வாழ்கிற ஊர். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள், வாங்கினால் மலை மேல் சுமக்க வேண்டியது நீங்கள்தான். அங்கிருந்து சேசாக் வரை உண்மையான ஏற்றம். அவசரப்படாமல், சின்ன கியரில், மூச்சு வாங்காத வேகத்தில் ஏறுங்கள். சேசாக்கில் ஊருக்குக் கீழே பாறை முனையில் இடிந்த கோட்டை நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் நீங்கள் ஏறி வந்த சமவெளி முழுவதும், தெளிவான நாளில் பைரனீஸ் மலைத்தொடரும் தெரியும். இரவு இங்கேயே தங்குங்கள். வீட்டில் அறை வாடகைக்கு விடுபவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான், முன்கூட்டியே பேசி வையுங்கள், இரவுச் சாப்பாடு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஏற்றமே வேண்டாம் என்றால் கார்க்கசோனிலிருந்து சைக்கிள் ஏற்றும் வேன் டாக்சி பிடித்து லாம்பி ஏரி வரை வந்துவிடலாம். தவறே இல்லை, ஒரு நாள் மிச்சம்.

இரண்டாம் நாள்: காட்டு வாய்க்கால்

இந்தப் பயணத்தின் உயிர் இந்த நாள்தான். சேசாக்கிலிருந்து காலையில் ஏறி அல்ஸோ ஓடையின் தடுப்புக்குப் போங்கள். 600 மீட்டருக்கு மேலே, ஆளரவமற்ற காடு. ஓடையின் குறுக்கே ஒரு சின்னக் கல் தடுப்பு, பக்கத்தில் ரிக்கேவுக்கு நினைவுக்கல், அவ்வளவுதான். ஆனால் இங்கே நடந்திருக்கும் காரியத்தைப் பாருங்கள்: இந்த ஓடை இயல்பாகப் போக வேண்டியது மத்தியதரைக் கடல் பக்கம். அதை மடக்கி, மலைச்சரிவை ஒட்டியே வளைத்து, வழியில் பெர்னசோன், லாம்பி ஓடைகளையும் சேர்த்துக்கொண்டு, நீர்பிரி மேட்டைத் தாண்டி மேற்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

அல்ஸோவிலிருந்து லெ கமாஸ் வரை வாய்க்கால் ஏறக்குறைய 24 கிலோமீட்டர். தண்ணீர் மெதுவாக நகரும் அளவுக்குத்தான் சரிவு, அதனால் பாதையும் கிட்டத்தட்ட சமம். நேற்று ஏறிய கால்களுக்கு ஓய்வு கிடைத்தது போல இருக்கும். ஆனால் சமம் என்று அசந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம், நடுவில் சில இடங்களில் ஒரு சைக்கிள் அகலப் பாதை. வளைவுக்கு வளைவு, மலை மடிப்புக்கு மடிப்பு, வாய்க்கால் திரும்புகிறபடி நீங்களும் திரும்ப வேண்டும். பார்வையை முன் சக்கரத்தில் வைக்காமல் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள், வேர் வந்தால் இருக்கையிலிருந்து எழுந்து, முட்டியைத் தளர்த்தி, வேருக்குச் செங்கோணத்தில் ஏறுங்கள். ஈர வேரில் சாய்ந்தபடி ஏறினால் சக்கரம் வழுக்கும், வழுக்கினால் வாய்க்காலுக்குள்தான். மழை பெய்த மறுநாள் பீச் இலைகள் ஒட்டிக் கிடக்கும், முன் பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடியுங்கள். உபரித் தண்ணீரைப் பள்ளத்துக்குள் விடும் சின்னக் கல் மதகுகள் வழி நெடுகிலும் வரும். அங்கே சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள்.

வழியில் லாம்பி ஏரி. 1777-க்கும் 1782-க்கும் இடையில் கட்டிய கருங்கல் அணை, தண்ணீர் தேவை கூடியபோது பின்னால் சேர்த்தது. மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் இந்த மலையில் இல்லை. சாப்பாட்டை மட்டும் சேசாக்கிலேயே வாங்கி வந்துவிட வேண்டும். கறுப்பு மலைக் காட்டில் உண்ணிகளும் உண்டு, புல்லில் உட்கார்ந்து எழுந்தால் சாயங்காலம் கால்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லெ கமாஸில் வாய்க்கால் மலைக்குள் நுழைந்துவிடும். கோட்டைகள் கட்டிப் பெயர்பெற்ற வோபான், ரிக்கேவின் காலத்துக்குப் பிறகு, 1686-87-இல் வாய்க்காலை நீட்டி, மேட்டைக் குடைந்து சுமார் 120 மீட்டர் சுரங்கம் வெட்ட வைத்தார், தண்ணீர் மறுபக்கம் லோதோ ஓடையில் விழுந்து சேன்-ஃபெரியோலுக்குப் போகட்டும் என்று. சைக்கிளோடு மேட்டின் மேலே கடந்து, மறுமுனைக்கு இறங்கி வாருங்கள். காட்டுக்கு நடுவே, யாரும் பார்க்காத இடத்தில் இப்படியொரு செதுக்கிய கல் வளைவு கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அப்புறம் சேன்-ஃபெரியோல் வரை இறக்கம், பிரேக்கைச் சோதித்துவிட்டு இறங்குங்கள். 1667-இல் தொடங்கி 1672 வாக்கில் முடித்த அணை. மூன்று இணையான கல் சுவர்கள், நடுவில் மண் நிரப்பி, 35 மீட்டர் உயரம். மண்ணில் பெரும்பகுதியைக் கூடையில் சுமந்தவர்கள் பெண்கள். ரிக்கே தன் ஆட்களுக்கு ஞாயிறு, பண்டிகை, மழை நாள், உடம்பு சரியில்லாத நாள் எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்தார் என்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். அணைக்குக் கீழே கால்வாய்க்கான அருங்காட்சியகம் இருக்கிறது, வரைபடங்களைப் பார்த்தால் இன்று ஓட்டிவந்த வளைவுகள் எல்லாம் ஏன் அப்படி என்று புரியும். ஏரிக்கரையில் கூடாரம் போடும் முகாமும் உண்டு, கோடையில் குளிக்கலாம்.

மூன்றாம் நாள்: வயல் நடுவே

ரெவெல் 4 கிலோமீட்டர்கூட இல்லை. சனிக்கிழமை காலையில் போய்ச் சேரும்படி திட்டமிட்டால் சந்தையைப் பார்க்கலாம். 1342-இல் கட்டம் கட்டமாக அமைத்த ஊர், நடுவில் பெரிய மரத் தூண்கள் தாங்கும் 14-ஆம் நூற்றாண்டுச் சந்தை மண்டபம். ரொட்டி, சீஸ், பழம் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த 35 கிலோமீட்டரில் கடை என்று நம்பி எதுவும் இல்லை. சின்ன ஊர்க் கடைகள் மதியம் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்கு முன் திறக்காது, திங்கட்கிழமை பல கடைகள் திறக்கவே திறக்காது. தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெவெலிலிருந்து நொரூஸ் வரை சமவெளி வாய்க்கால். கோதுமையும் சூரியகாந்தியும் விளையும் வயல்களை ஒட்டி, புல்லும் மண்ணுமாகப் பாதை, எளிதுதான். நொரூஸில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்து பாருங்கள். எண்கோண வடிவில் வெட்டிய குளம் வண்டல் படிந்து தூர்ந்துபோக, இப்போது அதில் மரங்கள். ரிக்கேவின் வாரிசுகள் 1827-இல் நிறுத்திய கல்தூண் மேட்டில் இருக்கிறது. அல்ஸோவில் பார்த்த தண்ணீர் இங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அட்லாண்டிக் பக்கமும் மறுபாதி மத்தியதரைக் கடல் பக்கமும் போகிறது.

கிழக்கே திரும்பி கஸ்தெல்நோதாரிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் சொச்சம். மதகுத் தொட்டிகளின் பக்கச் சுவர்கள் வயிறு போல வெளியே வளைந்திருப்பதைக் கவனியுங்கள். நேர்ச்சுவராகக் கட்டிய ஒன்று ஆரம்பத்தில் இடிந்து விழுந்ததால், மண்ணின் அழுத்தத்தைத் தாங்க இப்படி வளைத்தார்கள். ஊரில் 7 ஹெக்டேர் பரப்பில் பெரிய படகுத்துறைக் குளம், கரையில் தங்கும் இடங்கள். இந்த ஊர்ச் சாப்பாடு கஸ்ஸூலே: வெள்ளை பீன்ஸை வாத்து இறைச்சி, பன்றி இறைச்சி, சாசேஜோடு மண்சட்டியில் மணிக்கணக்கில் வேகவைப்பது. இந்தப் பசிக்கு அது அமிர்தம். சைவம் சாப்பிடுபவர்கள் பீன்ஸ்தானே என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள், கொழுப்பே வாத்துக் கொழுப்பு.

நான்காம் நாள்

கார்க்கசோனுக்கு 40 கிலோமீட்டர், கால்வாய்க் கரை முழுக்க மண்பாதை. வழியில் பிராம், தேவாலயத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக வீடுகள் அமைந்த ஊர், அரை மணி நேரம் ஒதுக்கலாம். சில இடங்களில் நிழலே இல்லாமல் வெட்டவெளியாக இருக்கும். 2006-லிருந்து பூஞ்சை நோய் பரவி பிளாட்டேன் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று, புதிதாக நட்டவை இன்னும் இளங்கன்றுகள். மனசு கனக்கும். தொப்பியும் கூடுதல் தண்ணீரும் அந்தத் தூரத்துக்கு அவசியம்.

கார்க்கசோனில் கால்வாய் உங்களை ரயில் நிலையத்தின் வாசலிலேயே கொண்டுவந்து விடும். கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம்: 52 கோபுரங்கள், இரட்டை மதில். 1209 ஆகஸ்டில், கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்க வந்த சிலுவைப் போர்ப் படை முற்றுகையிட்டு, தண்ணீர் வழியை அடைத்து, ஊரைப் பணிய வைத்தது. இளவயது பிரபு ரேமோன்-ரோஜே திரான்கவெல் சிறையிலேயே அந்த நவம்பரில் இறந்தார். இன்று பார்க்கும் கூர்க்கூரைகள் 1853-க்குப் பிறகு கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் புதுப்பித்தவை. உள்ளே உருண்டைக் கல் பதித்த நெரிசலான தெருக்கள், சைக்கிளைத் தங்கும் இடத்தில் பூட்டிவிட்டு, பகல் கூட்டம் கலைந்தபின் நடந்து போங்கள். மதில் நடுவே இருட்டிய பிறகும் உலாவலாம்.

தூலூஸ் திரும்ப உள்ளூர் ரயிலில் சைக்கிளை ஏற்றலாம். இடம் கொஞ்சம்தான், கோடை ஞாயிறு மாலை ரயிலை மட்டும் தவிர்த்துவிட்டு, வாரநாள் காலை ரயிலைப் பிடியுங்கள்.