எல்லைக்கோட்டிலிருந்து அவுட்பீல்டுக்கு: கிரிக்கெட் ஆடுபவர்களுக்கான பேஸ்போல் களத்தடுப்பு

கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டருகே நின்று பழகியவருக்குப் பேஸ்போல் அவுட்பீல்டின் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிக்களம்) பாதி வேலை கைவந்ததுதான். மற்றப் பாதி கால் வைப்பு. அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் கையுறை: அவுட்பீல்டருக்கு 12 முதல் 12.75 அங்குலம். வலக்கையால் எறிபவர் இடக்கையில் போடவேண்டும். பந்து 142–149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசு. இலேசுதானே என்று உடம்பு சூடாகாமல் ஓங்கி எறிந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். 15 மீற்றரில் தொடங்கி மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள்.

தலைக்கு மேலால் போகும் பந்துக்குப் பின்னோக்கி நடக்கவே கூடாது. குதிக்கால் ஊன்றும்போது கண் குலுங்கி, பந்து துள்ளுவதுபோல் தெரியும். வலப்பக்கம் போனால் வலக்காலைப் பின்னால் திறந்து வைத்து, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேலால் பார்த்தபடி ஓடுங்கள். சந்தேகமென்றால் முதல் அடி பின்னால்தான். முன்னால் விழுந்த பந்துக்குப் பெரும்பாலும் ஒரு பேஸ்தான் (ஓட்டக்காரர் வரிசையாகத் தொடவேண்டிய இடங்களில் ஒன்று) போகும். தலையைத் தாண்டினால் இரண்டு, மூன்று போய்விடும்.

எறிவதற்கு, பந்து விழும் இடத்துக்கு இரண்டு மூன்று அடி பின்னால் காத்திருந்து, முன்னே வந்தபடி எறியும் தோளுக்கு நேரே பிடியுங்கள். உடனே வலக்கால் இடக்காலைத் தாண்டி முன்னே வரவேண்டும், பாதத்தின் உட்பக்கம் இலக்கைப் பார்த்தபடி. இந்தத் துள்ளல் தாழ்வாக இருக்கட்டும்; மேலே எழும்பினால் ஓடிவந்த வேகம் வீண். பிறகு இடக்கால் இலக்கை நோக்கி, கை தலைக்கு மேலால். சுட்டுவிரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே. கிரிக்கெட் பழக்கத்தில் பக்கவாட்டாக எறிந்தால் பந்து வளைந்து பேஸை விட்டு விலகும். இடையில் நிற்கும் கட்-ஓஃப் வீரர் எட்டிப் பிடிக்கும் உயரத்திலேயே எறியுங்கள். அவர் தலைக்கு மேலால் போனால், பின்னால் வரும் ஓட்டக்காரர் இன்னொரு பேஸைச் சுலபமாக எடுத்துவிடுவார்.

வலது களத்திலிருந்து (அடிப்பவர் பார்வையில் அவுட்பீல்டின் வலப்பக்கம்) மூன்றாம் பேஸ் மிகத் தூரம். பலமான கையுள்ளவரை அங்கே நிறுத்துங்கள். சியாட்டில் மரைனர்ஸின் இச்சிரோ சுசுகி, 2001 ஏப்ரல் 11 அன்று ஓக்லண்டில் அங்கிருந்து நிலத்தில் படாமல் எறிந்து, மூன்றாம் பேஸுக்கு ஓடிய டெரன்ஸ் லோங்கை ஆட்டமிழக்கச் செய்தார். 2001 முதல் 2010 வரை ஆண்டுதோறும், சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்றவர் அவர். அந்தக் காணொளியை மெதுவாக ஓடவிட்டு, கையை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். எவ்வளவு அழகு!

திருகோணமலையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில், ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன் ஒரு பிடி புல்லைத் தூவிப் பாருங்கள். காற்று முகத்தில் அடித்தால் ஐந்தாறு அடி பின்னே நில்லுங்கள். முதுகில் அடித்தால் அவ்வளவு முன்னே. எதிர்காற்றில் எறியும்போது தாழ்வாக, ஒரு துள்ளலில் பேஸைச் சேரும்படி விடுங்கள். மாலையில் மேற்குப் பார்த்து நிற்பவர், பந்து அடிபடும் முன்னமே கையுறையால் சூரியனை மறைத்துக்கொள்ளவேண்டும்.