கோட் சூட் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை போன்ற கடலோர நகரங்களில் கோட் சூட் என்பது பெரும்பாலானோருக்கு அன்றாட உடை அன்று. நேர்முகத் தேர்வு, திருமண வரவேற்பு, முக்கியமான வாடிக்கையாளர் சந்திப்பு என்று ஆண்டுக்குச் சில முறை எடுத்து அணிகிறோம். மற்ற நாள்களில் அது பீரோவில்தான் தொங்குகிறது. அப்படியிருந்தும் சில ஆண்டுகளிலேயே மார்புப் பகுதி உப்பி, தையல் விளிம்புகள் பளபளத்து, காலரில் வெண்பூஞ்சை படிந்துவிடுகிறது. உடுத்துவதால் வரும் தேய்மானத்துக்கு இதில் பங்கு குறைவு. அடிக்கடி கொடுக்கும் சலவை, நேரடிச் சூடு, காற்றுப் புகாத உறை என்று நாம் அக்கறையோடு செய்பவைதான் பெரும்பாலும் அதைக் கெடுக்கின்றன.

ஒரு மாலை வரவேற்புக்கு அணிந்ததை மறுநாளே டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அங்கே பயன்படுத்தப்படும் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதோடு, கம்பளி இழையில் எஞ்சியிருக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுவதால், துணி நாளடைவில் வறண்டு உயிரிழந்துபோகும். இதைவிடப் பெரிய சேதம் உள்ளே நடக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் கோட்டுகள் பலவற்றில் முன்பக்கத் துணியும் அதற்கு விறைப்பைத் தரும் இடைத்துணியும் தைக்கப்படாமல், வெப்பத்தில் இளகும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். டெய்லர்கள் ஃப்யூசிங் என்று சொல்வது இதைத்தான். கரைப்பானிலும் அழுத்த இயந்திரத்தின் சூட்டிலும் திரும்பத் திரும்ப மாட்டும்போது அந்தப் பசை ஆங்காங்கே விட்டுப்போய், மார்பிலும் காலர் மடிப்பிலும் சிறு கொப்புளங்கள் எழும்புகின்றன. அவை வந்துவிட்டால் முழுமையாகச் சரிசெய்வது மிகக் கடினம். உங்கள் கோட் எந்த வகை என்று அறிய, பொத்தான் துளைக்கு அருகில் வெளித்துணியையும் உள்துணியையும் இரு கைகளாலும் பிடித்து மெல்ல விலக்கிப் பாருங்கள். நடுவே தனியாக நழுவும் மூன்றாவது அடுக்கு தட்டுப்பட்டால் அது கேன்வாஸ், அதாவது பசையால் ஒட்டாமல் தைத்த இடைத்துணி.

ஆகவே, கறையோ விடாத வாடையோ இருந்தால் மட்டும் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்தால் போதும். அணிந்து முடித்த அன்றிரவு பைகளைக் காலிசெய்து, மின்விசிறிக் காற்றில் விரித்துத் தொங்கவிட்டு, காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டுங்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. அந்த ஈரம் வெளியேற ஒரு முழு நாளாவது விட வேண்டும் என்பதால், ஒரே சூட்டை அடுத்தடுத்த நாள்களில் அணிவதும் தவறு. கடைக்குக் கொடுக்கும்போது வியர்வை படிந்த இடங்களைச் சுட்டிக்காட்டுங்கள். வியர்வையின் உப்பு நீரில் கரையக்கூடியது என்பதால், தனியே கவனிக்காவிட்டால் கரைப்பானில் அது முழுமையாகப் போகாது. நிற வேறுபாடு வராதிருக்க, கோட்டையும் பேன்ட்டையும் எப்போதும் சேர்த்தே கொடுக்க வேண்டும். விருந்தில் சாம்பார் சிந்தினால் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் எண்ணெயும் மஞ்சளும் இழைக்குள் பரவும். உலர்ந்த கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, மீதியைக் கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது இஸ்திரி. தெருமுனை வண்டியில் உள்ள கரிப் பெட்டியின் சூட்டை நினைத்த அளவுக்குக் கட்டுப்படுத்த இயலாது. பருத்திச் சட்டை அந்தச் சூட்டைத் தாங்கும், கம்பளியும் பாலியஸ்டரும் தாங்கா. பெட்டி நேரடியாகப் படும்போது இழைகள் நசுங்கித் தட்டையாகி, அடர்நிறத் துணியில் அது பளபளப்பாகத் தெரிகிறது. பாலியஸ்டர் கலந்த துணியில் இழையே இளகிவிடுவதால், அந்தப் பளபளப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். பராமரிப்புச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் இரண்டு புள்ளிகள் இருந்தால் 150 டிகிரி செல்சியஸ், ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரி என்பது உச்ச வரம்பு. பழைய வேட்டியில் கிழித்த துண்டை நனைத்துப் பிழிந்து இடையில் வைத்து, பெட்டியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். காலர் மடிப்பைத் தட்டையாக அழுத்திவிடாதீர்கள். கோட்டின் தோற்றத்துக்கு அழகு தருவதே அந்த மெல்லிய வளைவுதான்.

சேமித்து வைப்பதில்தான் நம் ஊர்க் காலநிலை கடுமையாகச் சோதிக்கிறது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பீரோவில் மாட்டினால், கரைப்பானின் எச்சமும் ஈரமும் உள்ளேயே தங்கி, வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். பிளாஸ்டிக்கை அன்றே கழற்றிவிட்டுப் பருத்தி உறை போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வெயில் தலைகாட்டும் நாள்களில் நிழலில் காற்றாட விடுங்கள். அந்துப்பூச்சியைப் பொறுத்தவரை, கம்பளியைத் தின்பது அதன் புழுதான். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தையே அது முதலில் தேடிப் போகும். கறையோடு மாட்டிவிட்டுக் கோட்டுப் பையில் அந்துருண்டை போடுவதால் பயனில்லை. அந்துருண்டை துணியில் படவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், நன்கு மூடும் பீரோவின் மேல்தட்டில் சிறு துணிப்பையில் வைப்பதே முறை. அந்துருண்டையிலுள்ள நாப்தலீனின் ஆவி சில பச்சிளங்குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஆகவே, அந்த வாடை போகும்வரை காற்றாட விடாமல் சூட்டை அணிந்து கைக்குழந்தையைத் தூக்காதீர்கள்.

கம்பி ஹேங்கர் தோள்பட்டையைக் குத்திப் புடைக்கச் செய்யும். தோள்பகுதி அகன்று வளைந்த மர ஹேங்கரே ஏற்றது. கைப்பேசியும் சாவிக்கொத்தும் பக்கப்பைகளைத் தொங்கச் செய்துவிடும். புதுக் கோட்டின் பின்புறப் பிளவில் குறுக்காகப் போட்டிருக்கும் தற்காலிக நூலை வெட்டாமல் அணிந்தால், உட்கார்ந்து எழும்போது துணி இழுபடும். எந்தச் சூட்டிலும் முதலில் தேய்வது பேன்ட்தான். தைக்கக் கொடுப்பவர்கள் அதே துணியில் இரண்டு பேன்ட்டாகத் தைத்து மாற்றி மாற்றி அணிந்து, சலவைக்கு மட்டும் மூன்றையும் ஒன்றாகவே கொடுக்கலாம்.