பாகம் 1 என்று தொடங்காதீர்கள்: நிரலாக்கக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும்போது நேரும் தவறுகள்

‘பைதன் (ஒரு நிரல் மொழி) என்றால் என்ன?’ என்பது தலைப்பில்லை, ஒரு பாடத்தின் பெயர். மாறி, லூப், ஃபங்ஷன் என்று பாகம் பாகமாகப் போட ஆரம்பித்தால் மூன்றாவதோடு மூச்சு வாங்கும். அடிப்படைகள் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இருக்கின்றன. ஒருவர் தேடிக்கொண்டு வருவது, பெரும்பாலும் வேலை நடுவில் ஏதோ உடைந்த பிறகுதான். தலைப்பும் அந்த உடைந்த இடத்திலேயே கிடைக்கும்.

கொழும்பில் கோட் எழுதுகிறவர் கையில் அப்படிப்பட்டவை நிறையவே உண்டு. தேசிய அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் 9 எண்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும். புதியதில் 12 எண்கள். இரண்டிலும் பிறந்த ஆண்டுக்கு அடுத்த 3 எண்கள், பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த அளவோடு நிறுத்தினால் அது வெறும் தகவல். சறுக்கும் இடம் வேறு: இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதுமே 29 நாள். 1990 மார்ச் 1இல் பிறந்தவருக்கு 060 இல்லை, 061. அந்த 61ஐ அப்படியே மொழியின் தேதி நூலகத்திடம் கொடுத்தால் மார்ச் 2 என்று வரும். ஜனவரி, பெப்ரவரிப் பிறந்தநாளையோ லீப் ஆண்டையோ வைத்து டெஸ்ட் பண்ணியவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ‘அடையாள அட்டையிலிருந்து எடுத்த பிறந்த தேதி ஏன் ஒரு நாள் தள்ளி வருகிறது?’ என்று வையுங்கள். அதுதான் தலைப்பு.

அடுத்த தவறு, கைக்கு அடங்காத தலைப்பு. ‘தமிழும் யூனிகோடும்’ (எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் பொதுமுறை) என்றால் ஒரு புத்தகமே எழுதலாம். ‘கொழும்பு’ என்ற ஒரே சொல் போதும். நம் கணக்கில் 4 எழுத்து. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் (நீளம்) 8 என்று சொல்லும். யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 24 பைட். ‘கொ’வில் ஒற்றைக் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருந்தால் 8 என்பது 9 ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நேரடியாக ஒப்பிட்டால் பொருந்தாது, பட்டியலில் இருக்கிற பெயர் தேடலில் அகப்படாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்தால், அதாவது பிரிந்த குறிகளை ஒரே வடிவத்துக்குச் சேர்த்தால், தீர்ந்தது. கட்டுரைக்கு இவ்வளவே தாராளம். தமிழ் எஸ்எம்எஸ் ஏன் 70 எழுத்துக்குறிகளோடு அடுத்த துண்டாகிறது என்பதை இதற்குள் திணிக்க வேண்டாம்; அது இன்னொரு நாளுக்கு.

‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று ஒதுக்குவதும் பிழை. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து (யூடிசி) +5:30 என்பது எல்லாருக்கும் தெரியும். 1996இல் அது முதலில் +6:30 ஆகி, அதே ஆண்டில் +6:00க்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி +5:30க்கு வந்தது. ஆஃப்செட்டை, அதாவது இந்த +5:30ஐ, கையால் எழுதிவைத்த மென்பொருள், 2001ஆம் ஆண்டுப் பதிவை அரை மணி நேரம் பிழையாகக் காட்டும். ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரைக் கொடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

புதிதாக வந்த ஃப்ரேம்வொர்க்கின் (மென்பொருள் கட்டும் ஆயத்தச் சட்டகம்) பின்னால் ஓடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அடுத்த பதிப்பு வந்ததும் கட்டுரை செத்துவிடும். எதை எழுதினாலும் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். பைதனில் இப்போதைய யூடிசி நேரத்தைத் தரும் யூடிசிநவ் என்ற ஃபங்ஷனைக் காட்டும் பழைய கட்டுரைகள் ஏராளம், 3.12இலிருந்து அது கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது.

அலுவலகப் பிரச்சினையை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. வாடிக்கையாளரின் டேபிள் பெயர், லாக் (மென்பொருளின் இயக்கப் பதிவு), ஏபிஐ கீ (சேவையை அணுகும் ரகசியச் சாவி) எதுவும் வெளியே போகக்கூடாது. ஃபைலில் இருந்து கீயை அழித்தாலும், கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றில் அது கிடக்கும். அதே பிழை வரும்படி 20 வரியில், பொய்த் தரவோடு, புதிதாக எழுதிப் பாருங்கள். பிழை திரும்ப வராவிட்டால் காரணம் இன்னும் பிடிபடவில்லை; அந்தத் தலைப்பைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள்.

தலைப்பில் தூய தமிழ் பார்த்து ‘சரம்’ என்று போட்டால் ‘ஸ்ட்ரிங்’ என்று தேடுகிறவருக்கு அது தட்டுப்படாது. இரண்டையும் முதல் பந்தியிலேயே சேர்த்துவிடுங்கள். எரர் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். திரையில் வந்தபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் ஒட்டுங்கள். தேடுகிறவரும் அதைத்தான் கொப்பி பண்ணி ஒட்டப்போகிறார்.