மிஷனரி அழைப்பு: கன்வென்ஷனில் கை உயர்த்திய பிறகு

கன்வென்ஷன் (சபைகளின் நற்செய்திப் பெருங்கூட்டம்) கடைசி நாள், மிஷனரியாகப் போகச் சம்மதம் என்று அர்ப்பணிப்பு அட்டையை நிரப்பிக் கொடுத்த கையோடு வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். அன்றைய தேதி, கேட்ட வேதபகுதி, மனதில் வந்த இடம், மக்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். பாரம், அதாவது அந்த மக்களைப் பற்றிய மனக்கவலை, கூடியிருந்தால் மேலே போகலாம். மறந்தே போயிருந்தால் குற்றவுணர்வு வேண்டாம்; அன்றைய பாட்டும் கூட்டமும் செய்த வேலையாக இருக்கலாம்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம்: எதிலிருந்தாவது ஓடுகிறேனா? அரியர் பேப்பர், கிடைக்காத வேலை, முறிந்த காதல் இவையெல்லாம் அழைப்பின் வேஷத்தில் வரும். பிள்ளையை ஊழியத்துக்குத் தருவதாக அம்மா செய்த பொருத்தனையும் (நேர்ச்சை) அப்படித்தான். அன்னாள் சாமுவேலைக் கர்த்தருக்கென்று கொடுத்துவிட்டாள். ஆனாலும் 1 சாமுவேல் 3-ல் கர்த்தர் பையனையே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (வேதவசனம் அச்சிட்ட சீட்டு) மட்டும் நம்பிப் புறப்படுவதும் இதே ரகம்.

அடுத்து சபை. அப்போஸ்தலர் 13-ல் பர்னபாவையும் சவுலையும் (இவர்தான் பவுல்) அந்தியோகியா சபை உபவாசித்து அனுப்புகிறது. அதற்கு முன் ஒரு வருடம் அவர்கள் அங்கேயே போதித்திருந்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்களும் ஒரு வருடம் கொடுங்கள்: ஞாயிறு பள்ளி, அரசு மருத்துவமனை வார்டு சந்திப்பு, முதியோர் இல்லம், ஏதாவது ஒன்று, வாரம் தவறாமல். விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பத்து நாள் உற்சாகம் கணக்கில் வராது. பிறகு மூன்று பேரிடம் பேசுங்கள்: ஆயர், உங்களோடு வேலை செய்து உங்கள் கோபத்தைப் பார்த்தவர், வீட்டில் ஒருவர். "நான் போகலாமா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமென் சொல்லிவிடுவார்கள். "என்னோடு ஒரே வீட்டில் இன்னொரு ஊழியர் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பாரா?" என்று கேளுங்கள். காட்டையும் காய்ச்சலையும் தாங்கியவர்கள்கூடச் சக ஊழியரோடு ஒத்துப்போக முடியாமல் திரும்பியதுண்டு. பவுலும் பர்னபாவுமே சக ஊழியரான மாற்கு விஷயத்தில் பிரிந்தார்கள்.

எல்லாரும் பிரசங்கிக்கப் போக வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஐடா ஸ்கட்டர் (பின்னாளில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவியவர்) வீட்டுக்கு ஒரே இரவில் பிரசவத்துக்கு உதவி கேட்டு மூன்று வீட்டார் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை உள்ளே விட மறுத்ததால் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைப் பார்த்த ஐடா முதலில் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து முடித்தார்; வேலூரில் பணி தொடங்கியது 1900-ல். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்நின்ற அசரியா, தானே தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனது 1909-ல். எனவே நர்சிங், பி.எட்., கணக்கு, எலக்ட்ரிகல் எதுவானாலும் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். பணித்தளத்தில் கைத்தொழில் தெரிந்தவருக்கு முதல் வாரமே வேலை இருக்கும்.

மிஷனரி சங்கத்தில் சேருமுன் பணித்தளத்தில் குறைந்தது இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள். டிசம்பரில் வேண்டாம், மே வெயிலிலோ ஜூலை மழையிலோ போங்கள். மிஷனரியைவிட அவர் மனைவியிடம் அதிகம் பேசுங்கள்: தண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி பற்றிய உண்மை அங்கேதான் வரும். வடக்கே போவதாக இருந்தால் ஹிந்தியை இன்றே தொடங்குங்கள், தினம் அரை மணி நேரம். அதற்குமேல் உள்ளூர்ப் பழங்குடி மொழி வேறு இருக்கும். முதல் வருடம் குழந்தைபோலப் பேசி, மற்றவர் சிரிப்பதைத் தாங்க வேண்டும். மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு இது பெரிய அடி.

பண விஷயத்தில் கூச்சம் வேண்டாம். லூக்கா 14-ல் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். கல்விக் கடன், நகைக் கடன், பெற்றோருக்கு மாதம் அனுப்பும் தொகை இவற்றைத் தீர்க்க வழி தெரிந்த பிறகே விண்ணப்பியுங்கள். சங்கத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகள் விடுதிச் செலவு, ஓய்வுக்குப் பின் ஏற்பாடு, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு. முன்பணம் கேட்டாலோ, மாதம் இத்தனை ஞானஸ்நானம் என்று இலக்கு வைத்தாலோ அந்த இடம் வேண்டாம். ஒடிசா (1967), குஜராத் (2003), உத்தரப் பிரதேசம் (2021) உள்ளிட்ட மாநிலங்களில் வற்புறுத்தி, ஏமாற்றி, ஆசைகாட்டி மதம் மாற்றுவது சட்டப்படி குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் மருந்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் விசுவாசத்தை விலையாக வாங்குவது ஊழியம் ஆகாது.

திருமணமானவர்களுக்கு: அழைப்பு இருவருக்கும் இருக்க வேண்டும். "அவர் போனால் நானும் போவேன்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணித்தளப் பயணத்துக்கு இருவரும் போய், தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிடுங்கள்.

முதல் ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். மூலச் சான்றிதழ்களைச் சங்கத்திடம் ஒப்படைக்காமல் நகல் கொடுங்கள்.