தாத்தா பாட்டி கதைகளை இன்றைக்கே பதிவு செய்வது எப்படி?

"தீபாவளிக்கு எல்லாரும் கூடுவோம்ல, அப்ப உட்கார்ந்து கேட்டுக்கலாம்." "சின்னவனுக்கு பிஎஸ்எல்இ பரீட்சை முடியட்டும்." "முதல்ல நல்ல மைக் ஒண்ணு வாங்கிடுவோம்."

வீட்டுப் பெரியவர்களின் பழங்கதைகளைப் பதிவு செய்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். தொடங்கியவர்கள்தான் குறைவு. 1950களில் சிங்கப்பூரின் கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையை விவரம் தெரிந்த வயதில் பார்த்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டார்கள், பலர் தாண்டியும் விட்டார்கள். அவர்களுடைய ஞாபகமும் குரலும் நம் வசதிக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அதனால் இன்று சாயங்காலமே செய்து முடிக்கிற மாதிரி இதை எழுதியிருக்கிறேன். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை, உங்கள் கைப்பேசி போதும்.

படி 1: ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

முழுக் குடும்ப வரலாற்றையும் எழுதப் போவதாக நினைக்காதீர்கள். அந்த நினைப்புதான் பலரைத் தொடங்கவே விடுவதில்லை. வயதில் மூத்தவர் ஒருவரை இப்போதே கூப்பிடுங்கள்: "பாட்டி, ராத்திரி சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் பழைய கதை பேசலாமா? நீங்க சொல்றதை போன்ல பதிவு பண்ணிக்கிறேன், சரியா?" அனுமதியையும் அதே பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது கூடவே கூடாது. அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அவருக்கும் அசதி, உங்களுக்கும் அசதி.

படி 2: கைப்பேசியைத் தயார் செய்யுங்கள்

ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் ரெக்கார்டர் என்ற செயலி ஏற்கெனவே இருக்கும். வாட்ஸ்அப் குரல்பதிவில் செய்யாதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும், தரம் குறையும்.

ஃப்ளைட் மோட் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் அழைப்பு வராது. தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிதான் பெரிய எதிரி, முடிந்தால் அரை மணி நேரம் அதையும் நிறுத்தலாம். கைப்பேசியை வெறும் மேசைமேல் வைக்காமல், துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். இல்லையென்றால் கோப்பையை வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி விழும். பேசுகிறவரிடமிருந்து ஒரு முழம் தூரம் இருந்தால் நல்லது. அரை நிமிடம் பேசவைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பதிவு தொடங்கியதும் முதலில் நீங்கள் பேசுங்கள்: இன்றைய தேதி, இடம், பேசுபவர் பெயர், நீங்கள் அவருக்கு என்ன உறவு. இருபது வருடம் கழித்துக் கேட்கப் போகிற பிள்ளைக்கு இது தெரியவேண்டும்.

படி 3: சின்னதாகக் கேளுங்கள்

இதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். "அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு, பெரியப்பா?" என்று கேட்டால், "கஷ்டம்தான்பா" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். "காலையில வேலைக்கு எதுல போவீங்க?" என்று கேட்டபோது இப்படி வந்தது:

"சைக்கிள்தான். ஹேண்டில்ல சாப்பாட்டுக் கேரியர் தொங்கும். குழம்பு சிந்தக்கூடாதுன்னு உங்க பெரியம்மா வாழையிலையை மடிச்சு மேல வச்சு மூடிக் கொடுப்பா. சங்கு ஊதறதுக்குள்ள கேட்டைத் தாண்டணும். சாயங்காலம் விட்டா, ரோடு முழுக்க சைக்கிள்தான்."

ஆகவே பொருளையும் வழியையும் கேளுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பீர்கள்? முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? கம்பத்து வீட்டிலிருந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு மாறிய அன்று எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தீர்கள்? காலையில் என்ன பசியாறுவீர்கள்? பழைய கடப்பிதழோ (பாஸ்போர்ட்) கல்யாணப் படமோ கையில் இருந்தால் இன்னும் நல்லது.

அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல விஷயங்கள் பல அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். நடுவில் திருத்தவும் வேண்டாம். மலாய்ச் சொல் கலந்து பேசினால் அப்படியே இருக்கட்டும், அதுவும் அவருடைய சிங்கப்பூர்தான். கண் கலங்கினால் பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள், அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

படி 4: ஆண்டைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள்

"எந்த வருஷம்?" என்றால் பெரும்பாலும் பதில் வராது. ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். புக்கிட் ஹோ சுவீ தீ விபத்து 1961 மே மாதம். தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963. சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட். "தைப்பூசத்துக்கு லீவு இருந்தப்பவா?" என்பது நம்மவர்களிடம் நன்றாக வேலை செய்யும் கேள்வி, ஏனென்றால் அந்தப் பொது விடுமுறை 1968இல் நீக்கப்பட்டது. எம்ஆர்டி ரயில் முதலில் ஓடியது 1987 நவம்பரில், இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை.

இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவரென்றால் கப்பலின் பெயரைக் கேளுங்கள். ரஜூலா என்றால் 1970களின் தொடக்கத்துக்கு முந்திய கதை. சிதம்பரம் என்றால் அதற்குப் பிறகு, 1985க்குள். அந்தப் பெயரை எடுத்ததும் கப்பலில் கொடுத்த சாப்பாடு, கூட வந்தவர்கள் என்று பேச்சு தானாக விரியும்.

படி 5: அன்று இரவே பத்திரப்படுத்துங்கள்

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: தேதி, ஆள், பொருள். ஒரு பிரதி கைப்பேசியில், ஒன்று கணினியிலோ வன்தட்டிலோ, ஒன்று மேகச் சேமிப்பில். குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

முதல் பதிவு முடிந்த பிறகு, சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையப் பேட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். 1979இல் தொடங்கிய திட்டம் அது, ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. முதலில் அவற்றைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்தால் இன்னொரு மாதம் ஓடிவிடும். ஒருமுறை நீங்களே கேள்வி கேட்டுப் பார்த்த பிறகு கேட்டால்தான், பேட்டி எடுப்பவர் எங்கே குறுக்கிடாமல் விடுகிறார், எங்கே "அப்புறம்?" என்று மட்டும் சொல்கிறார் என்பது காதில் படும். அதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பாட்டியிடம் மறுபடி உட்காருங்கள். எந்தக் கிழமை என்பதை இன்று கிளம்புவதற்கு முன்பே அவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.