பைத்தான்: எரர் வந்த வரிக்குக் கீழேயும் பாருங்கள்

ஃபங்ஷனுக்குள் 'அன்பவுண்ட் லோக்கல் எரர்' (லோக்கல் வேரியபிளுக்கு மதிப்பு கிடைக்கும் முன்பே அதைப் பயன்படுத்தினால் வரும் எரர்) வந்தால், எரர் காட்டும் வரியோடு நிற்காமல், அதே வேரியபிளுக்கு அந்த ஃபங்ஷனில் வேறு எங்கே சமக்குறி போட்டிருக்கிறீர்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் கீழே ஏதோ ஒரு வரியில் இருக்கும்.

ஃபங்ஷனுக்குள் எந்த இடத்தில் ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தாலும், ஓடத் தொடங்கும் முன்பே பைத்தான் அதை அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் லோக்கல், அதாவது அதற்குள் மட்டுமே செல்லும் தனிப் பெயர், என்று முடிவு செய்துவிடும். வெளியே மொத்தம் = 0; உள்ளே முதல் வரி பிரிண்ட்(மொத்தம்), கடைசி வரி மொத்தம் += 5 என்று வையுங்கள் (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்). உள்ளே இருக்கும் 'மொத்தம்' லோக்கல் ஆகிவிட்டது, அதற்கு இன்னும் மதிப்பு இல்லை; அதனால் எரர் பிரிண்ட் வரியிலேயே வந்துவிடும். எரரே வராமல் வெளியே இருக்கும் மதிப்பு மட்டும் மாறாமல் இருந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஃபங்ஷன் தொடக்கத்தில் அந்தப் பெயரை 'குளோபல்' (வெளியே இருக்கும் அதே வேரியபிள்) என்று அறிவித்தால் சரியாகிவிடும். ஆனால் மதிப்பை ஆர்க்யூமென்ட்டாக உள்ளே அனுப்பி, ரிட்டர்னில் திரும்ப வாங்குவதுதான் நல்ல பழக்கம். நிரல் பெரிதாகும்போது அதன் அருமை தெரியும்.

லிஸ்ட்டில் அப்பென்ட் செய்வதற்கும், டிக்ஷனரியில் ஒரு கீயின் மதிப்பை மாற்றுவதற்கும் இது பொருந்தாது. அங்கே பெயருக்குப் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. லிஸ்ட்டுக்கே += போட்டால் மட்டும் இதே எரர் வரும்.